பஸிலியா கேட்ட சாலை

போஹோல் தீவின் கடலோரப் புதுச் சாலைக்கு சிமெண்ட் போட்டு முடிக்கும்வரை உள்ளூர்க்காரி பஸிலியா, என்ஜினியர் எலியாஸை விடவே இல்லை.

“நல்லா அகலமா போடுங்க சார். மர நிழல் விழாம கொஞ்சம் தள்ளியே போடுங்க.”

“கடல் நல்லாத் தெரியணும்ங்கறீங்க! உங்க ரசனையே ரசனைதான்க்கா.”

“விரிசல் மட்டும் விழக் கூடாது சார்!”

திறப்பு விழாவன்று காலை வந்த எலியாஸ் திகைத்து நின்றார். புதுச் சாலை நெடுக நெல் காய்ந்துகொண்டிருந்தது. பஸிலியா சாவகாசமாகக் கிளறிவிட்டுக்கொண்டிருந்தாள்.

“அடக் கடவுளே! இதுக்குத்தானா இத்தனையும்? அள்ளுங்கக்கா, மேயர் கார் வர்ற நேரம்!”

“பதறாதீங்க சார். அவரு பழைய ரோட்டுலயே சுத்தி வந்துடுவாரு. இதுல முக்கால்வாசி அவர் வீட்டு நெல்லு!”