என்கூட ஓடு

மார்ச் மாதத்தின் முதல் போட்டியிலேயே கெல்வின் நூறு மீட்டரை 9.94 நொடியில் ஓடிவிட்டான். அன்றிலிருந்து ஒரு ஷூ கம்பெனி ஒப்பந்தத்தோடு அவன் பின்னால் ஓடியது. கையெழுத்துப் போட்டால் அவன் தொழில்முறை வீரன். கல்லூரி ஓட்டம் அதோடு சரி. வெள்ளிக்கிழமை கெடு.

வியாழனன்று அவனுடைய கல்லூரி கோச் ஹாலிஸ் அவனை வீட்டுக்கு அழைத்து, லூசியானா வழக்கப்படி ஒரு வாளி இறாலை அவித்து மேசைமேல் கொட்டினார்.

"இப்பவே காசுக்கு ஓடுனா நீ வெறும் விளம்பரப் பலகைடா மகனே. நாம ஒரே குடும்பம். இன்னும் ஒரு வருஷம் என்கூட ஓடு."

"எங்கம்மா ரெண்டு வேலை பாக்குறாங்க கோச்."

"பணம் இன்னிக்கு வரும், நாளைக்குப் போகும். விசுவாசம் போனா வருமா?"

கோச்சின் கண் கலங்கியது. கெல்வின் இறாலைத் தள்ளி வைத்தான். மறுநாள் கம்பெனிக்கு மறுப்புச் சொன்னான். ஃபோனில் அம்மாவிடம் சொன்னபோது, "ரெண்டாவது வேலைக்கு நேரமாச்சு" என்று வைத்துவிட்டார்.

திங்களன்று மைதானத்தில் உதவி கோச்தான் விசிலோடு நின்றார்.

"ஹாலிஸ் எங்கே?"

"உனக்குத் தெரியாதா? நம்ம பரம எதிரி காலேஜுக்குப் போயிட்டார். ரெண்டு மடங்கு சம்பளமாம். உன்னையும் கூட்டிட்டு வர்றேன்னு போன மாசமே அவங்களுக்கு எழுதிக் கொடுத்துட்டாராம்."

கெல்வினின் பையில் ஃபோன் துடித்தது. கோச்தான் அனுப்பியிருந்தார்:

"மகனே, நம்ம குடும்பம் வீடு மாறியிருக்கு. பெட்டியைக் கட்டு."