நிறுத்தச் சொன்ன ஊசி

அவர் மருந்துக் குப்பியை இடது அக்குளில் இடுக்கிக்கொண்டு நின்றார்.

எண்ணெய் மருந்து. குளிர்ந்திருந்தால் இறங்காது. பத்து நிமிடம் உடம்புச் சூட்டில் இருக்க வேண்டும்.

“இன்னைக்குக் காஜாவா, பட்டனா?”

என் வீட்டுக்காரர் தையல்காரர். ஆண்கள் சட்டையில் காஜாத் துளை இடப்பக்கம், பட்டன் வலப்பக்கம். என் இடுப்புக்கும் அதே கணக்கு வைத்திருந்தார்.

“நேத்து காஜா.”

“அப்போ பட்டன். திரும்பிப் படு பிள்ள.”

கவிழ்ந்து படுத்தேன். அவர் தட்டிப் பார்த்து மெத்தென்ற இடம் தேடினார். இரண்டு பக்கமும் கட்டி கட்டியாக இருந்தது.

“வலிக்கா?”

“போட்டாச்சா?”

சிரித்தார். நானும் சிரித்திருப்பேன்.

அன்று, கருவை உள்ளே வைத்துப் பதினாலாம் நாள். லேபில் ரத்தம் கொடுத்துவிட்டு நான் வீட்டுக்கு வந்தேன், அவர் கடைக்குப் போனார்.

அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்தபோது மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து பொன்செல்வி சிஸ்டர் கூப்பிட்டாள்.

“அக்கா, நெகட்டிவ்தான்க்கா. ஊசிய இன்னையோட நிப்பாட்டிருங்க. பீரியட்ஸ் வந்த ரெண்டாம் நாள் போன் போடுங்க. அடுத்ததுக்குப் பாக்கலாம்.”

“சரி சிஸ்டர்.”

ஐந்தாவது முறை அது.

மிச்ச அவரைக்காயையும் உரித்து முடித்தேன்.

மத்தியானம் அவர் சாப்பிட வந்தபோது சொன்னேன். தலையாட்டினார். பொரியலை இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கினார்.

மறுநாள் காலை கண் விழித்தபோது அவர் கட்டிலருகே நின்றிருந்தார். இடது கை உடம்போடு ஒட்டியிருந்தது.

நான் பார்த்தேன். எனக்கு ஞாபகம் இருந்தது.

திரும்பிப் படுத்தேன்.

எந்தப் பக்கம் என்று அவர் கேட்கவில்லை. தட்டிப் பார்த்தார், போட்டார், பஞ்சை வைத்து அழுத்தித் தேய்த்தார். தேய்த்துக்கொண்டிருந்த கை நின்றது.

“நிப்பாட்டச் சொன்னாங்கள்லா?”

“ஆமா.”

“சொல்லிருக்கலாம்லா பிள்ள?”

“நீங்க சூடு பண்ணிட்டீங்க.”

அவர் சிரிஞ்சைத் தாளில் சுற்றி டப்பாவில் போட்டார். மருந்துப் பெட்டியில் இன்னும் ஏழு குப்பி இருந்தது.

அடுத்த நாளும் சூடு பண்ணினார்.

இது மறதி இல்லை.

அந்த மருந்து உடம்பில் இருக்கும்வரை மாதவிலக்கு வராது. இத்தனை வருடத்தில் எங்கள் இருவருக்கும் அது மனப்பாடம். வராதவரை ஐந்தாவது முடியவில்லை. வந்துவிட்டால் ரெண்டாம் நாள் போன் பண்ண வேண்டும். பண்ணினால் ஆறாவது.

முடியவும் வேண்டாம், தொடங்கவும் வேண்டாம்.

காலையில் பத்து நிமிடம். அவர் நிற்பார். நான் படுத்திருப்பேன். ஊசி உள்ளே போவதும் எனக்குத் தெரிவதில்லை, அவர் மூச்சை விடுவதை வைத்து முடிந்தது என்று தெரிந்துகொள்வேன்.

ஐந்தாம் நாள் சிஸ்டர் கூப்பிட்டாள். அவர் தரையில் உட்கார்ந்து ஒரு பள்ளிச் சட்டைக்கு ஹெம் மடித்துக்கொண்டிருந்தார்.

“இன்னும் வரலியாக்கா? ஊசிய நிப்பாட்டிட்டீங்கள்லா?”

“நிப்பாட்டியாச்சு சிஸ்டர்.”

“அப்போ வந்துரும். ரெண்டு நாள் பாப்போம்.”

அவர் நிமிரவில்லை. நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். கத்தரி பக்கத்திலேயே கிடந்தது.

எட்டாம் நாள் ஒரே ஒரு குப்பிதான் மிச்சம்.

அவர் வந்தபோது நான் படுக்கவில்லை. கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தேன்.

“படு பிள்ள.”

“போதுங்க.”

“இது ஒண்ணுதான இருக்கு. வேணும்னா இன்னொரு பெட்டி வாங்கிருவேன்.”

“அதான் போதும்ங்கேன்.”

பால் குக்கர் எங்கோ பக்கத்து வீட்டில் விசில் அடித்தது.

“இந்த மாசத்துக்கு மட்டுமா?”

“இல்ல.”

அவர் என் பக்கத்தில் உட்கார்ந்தார். கட்டில் அவர் பக்கமாகச் சாய்ந்தது. ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன். அழுவார் என்றும் நினைத்தேன், மூன்றாவது முறைக்கு அழுதவர்.

“உனக்கு ரொம்ப வலிச்சிட்டோ?”

“வலிக்கவே இல்லங்க. கொஞ்ச நாளாவே.”



காப்பி போட்டுக் கொண்டுவந்தேன். வலது கையால் வாங்கினார். வலது கையாலேயே குடித்தார். பேப்பரை மடியில் விரித்து ஒற்றைக் கையால் புரட்டினார். கடை திறக்கும் நேரம் தாண்டியது. வெயில் ஜன்னல் கம்பி வழியாக அவர் முட்டிவரை வந்துவிட்டது.

இடது கையை அவர் எடுக்கவேயில்லை.

குப்பி இந்நேரம் நன்றாகச் சூடாகியிருக்கும்.

மூன்று நாள் கழித்து வந்தது. நான் போன் பண்ணவில்லை. சிஸ்டர் இரண்டு முறை கூப்பிட்டாள், பிறகு நின்றுவிட்டது.

முதல் சிகிச்சை தொடங்கிய வாரத்தில், நான் தினமும் பால் குடிக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதற்காக, அவர் பால்காரர் லிங்கத்திடம் அரை லிட்டரை ஒரு லிட்டராக்கச் சொல்லியிருந்தார். குறைக்கச் சொல்ல வேண்டும் என்று எங்களுக்குத் தெரியும். வாசலுக்குப் போய் அதைச் சொல்வது அவரா நானா என்பதுதான் முடிவாகவில்லை.

ஊசியை நிறுத்திப் பன்னிரண்டு வருடம் ஆகிறது.

லிங்கம் இன்றும் ஒரு லிட்டர்தான் ஊற்றிவிட்டுப் போனார்.