சீனுவின் முதுகுவலி

காலிங்பெல் அலறியது. விட்டுவிட்டு அல்ல, எடுக்காத விரலால், ரயில்வே ஒர்க்‌ஷாப் சங்கு மாதிரி ஒரே மூச்சில்.

அப்படி அழுத்துகிற விரல் உலகத்தில் ஒன்றுதான் உண்டு. காலை பத்து மணிக்கு அது ஹைதராபாத்தின் இன்னொரு மூலையில், உப்பலில் அல்லவா இருக்க வேண்டும்? அல்வாலில், இந்த வீட்டு வாசலில் அதற்கு என்ன வேலை?

சீனு சோபாவிலிருந்து துள்ளி எழுந்தான்.

துள்ளக் கூடாது என்று டாக்டர் நேற்றுத்தான் சொல்லியிருந்தார். ஏன் கூடாது என்பது துள்ளிய பிறகு விளங்கியது. மெல்ல மறுபடி உட்கார்ந்தான்.

"பதினைந்தே நிமிஷம், கொசு கடித்த மாதிரி இருக்கும்" என்று சொன்னவரும் அதே டாக்டர்தான். பதினைந்து நிமிஷம் சரி. கொசுவைப் பற்றியும் அவர் பொய் சொன்னதாகச் சொல்லிவிட முடியாது. அவர் குடியிருக்கும் பக்கம் கொசுக்கள் அந்த அளவில் வளர்கின்றனவோ என்னவோ.

இரண்டு பெண்கள் போதும், குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொள்ளலாம் என்று சீனுவும் மைதிலியும் சேர்ந்துதான் முடிவு செய்தார்கள். அவளுக்கு ஏற்கெனவே இரண்டு சிசேரியன். "மூணாவது கத்தி எனக்குத்தான்" என்று சினிமா ஹீரோ போலச் சொல்லிவிட்டான். பிரசவமான பத்தாம் நாளே அடுப்படிக்குப் போன மைதிலி, ஒரு தையல்கூடப் போடப்படாத வீரனுக்கு நேற்றிலிருந்து காபியை ஆற்றிக் கையில் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

அவன் வேலை மத்திய அரசு ஆபீஸில். இதற்கென்றே அங்கே தனி விடுமுறை உண்டு. விண்ணப்பம் ஆறு மேஜைகளைக் கடந்து போனதால், ஆறு மேஜைக்காரர்களுக்கும் விஷயம் தெரியும். கேன்டீன்காரருக்கும் தெரியும்.

தெரியாதது அப்பாவுக்கு மட்டும். தெரியவும் கூடாது.

அப்பா வேதாசலம் முப்பத்தைந்து வருஷம் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் இரும்போடு மல்லுக்கட்டி ஓய்வு பெற்றவர். சிநேகிதர் ஒருவரின் மகன் இதே காரியத்தைச் செய்துகொண்டான் என்று கேள்விப்பட்டு, அந்த வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கே போக மறுத்தவர். சொந்த மகன் என்று தெரிந்தால் இந்த வீட்டுப் படியை மிதிக்க மாட்டார். அம்மாவையும் வர விடமாட்டார்.

"முதுகுவலின்னு சொல்லுங்க" என்று கிசுகிசுத்துவிட்டு மைதிலி கதவைத் திறந்தாள்.

வேதாசலம் உள்ளே வந்தார். பின்னாலேயே டிபன் கேரியரோடு அம்மா சாந்தா.

"என்னடா, இன்னிக்கு ஆபீஸ் நக்கோவா, போகலையா?"

"முதுகு பிடிச்சுக்கிச்சுப்பா."

அந்த நேரம் பார்த்துச் சின்னவள் ஓடி வந்தாள். "தாத்தா! டாடி பட்டாணீல மீத கூச்சுன்னாரு!"

வீட்டில் எல்லோரும் தமிழில் பேச, குடும்ப ரகசியங்களைத் தெலுங்கில் வெளியிடுவது அவள் வழக்கம். அப்பா பட்டாணி மேல் உட்கார்ந்திருக்கிறார் என்பதைப் புரிந்துகொள்ள ஹைதராபாத்தில் நரைத்த தாத்தாவுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

மகனின் மடியைப் பார்த்தார். ஃப்ரீஸரில் உறைந்த பச்சைப் பட்டாணி, அரைக் கிலோ பாக்கெட்.

"முதுகு வலிக்கு முன்னாடி எதுக்குடா ஐஸு?"

"வலி இறங்கி முன்னாடி வந்துடுச்சுப்பா."

மருத்துவ உலகம் இதுவரை கண்டிராத வலி. ஆனாலும் வேதாசலம் நம்பினார். அவருக்கு அதைவிட முக்கியமான வேலை இருந்தது. பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து மகன் கையில் திணித்தார். செகந்திராபாத்தில் ஒரு வைத்தியர், கைராசிக்காரராம். படுக்கும் முன் ஒரு ஸ்பூன், நாற்பத்தெட்டு நாள். அடுத்தது பேரன்தானாம்.

சீனு லேகியத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். சரியாக ஒரே ஒரு நாள் தாமதமாக வந்திருந்தது.

சொல்லிவிடலாமா என்று வாயைத் திறந்தான். மைதிலி பார்த்தாள். மூடிக்கொண்டான்.

"ரெண்டும் பொண்ணாப் போச்சேன்னு மனசு விடாதேடா" என்று வேதாசலம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "எனக்கு வரிசையா மூணு பொண்ணு. நான் விட்டேனா? நாலாவது சிங்கம் மாதிரி உன்னைப் பெத்தேன்! ஆம்பளைன்னா அந்த உறுதி வேணும். இந்தக் காலத்துப் பசங்க ரெண்டு பெத்ததும் ஆஸ்பத்திரிக்கு ஓடுறானுங்க, வெக்கங்கெட்டவனுங்க. நம்ம வம்சத்துல எவனாவது அந்தப் பக்கம் தலை வெச்சுப் படுத்திருப்பானா?"

சிங்கம் பட்டாணிக்கு அடியில் மெல்ல நகர்ந்து, பல்லைக் கடித்தது.

சாந்தா வந்ததிலிருந்து மகன் காலை அகட்டி உட்கார்ந்திருந்த விதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எழுந்து வந்து, இளகிப்போன பாக்கெட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். ஃப்ரீஸரில் இருந்த இன்னொன்றோடு திரும்பி வந்தாள். அதை ஒரு மெல்லிய துண்டில் சுற்றியிருந்தாள். துணி சுற்றாமல் வைக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னது மைதிலிக்கே மறந்து போயிருந்தது.

பாக்கெட்டை மகனிடம் கொடுத்தாள். வேதாசலத்தின் பேச்சு பாதியில் நின்றது. அவர் ஜன்னல் பக்கம் திரும்பி, தெருவில் எதையோ மும்முரமாகத் தேட ஆரம்பித்தார்.

"மூணு மாசம் கழிச்சு டெஸ்ட்டுக்கு வரச் சொல்லியிருப்பாங்க சீனு, வெக்கப்படாம போயிட்டு வந்துடு. உங்கப்பா இதைப் பண்ணிக்கிட்டு, டெஸ்ட்டுக்குப் போகாம விட்டாரு. அடுத்த வருஷம் நீ பொறந்துட்டே."