இடுப்புயர விலாங்கு

தம்பி கோமதிநாயகத்தின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து, ஈர வேட்டியோடு படித்துறையில் உட்கார்ந்திருந்தார் திருமலையப்பர். கீழ்ப்படியில், தம்பியோடு தூண்டில் போட்டுத் திரிந்த இருவர் இன்றும் தூண்டிலோடு உட்கார்ந்து விலாங்கு மீன் கதை பேசிக்கொண்டிருந்தார்கள்.

"கையில சாம்பலை அப்பிக்கிட்டுப் பிடிச்சாலும் வழுக்கிரும் வே. கோமதி இடுப்பு உயரத்துக்கு ஒண்ணு பிடிச்சானாம்."

"புளுகு. பார்த்தவன் ஒருத்தன் உண்டா?" என்றார் முத்தையா.

"மெதுவா வே. அண்ணாச்சி இருக்காக."

"இருக்கட்டும். செத்துட்டா பொய் நெசமாயிருமா?"

பாம்பு உருவம் கொண்ட எதையும் தன் வீட்டு அடுப்பில் ஏற்றியதில்லை என்று ஐம்பது வருடமாக ஊருக்குச் சொல்லி வந்தவர் திருமலையப்பர். விலாங்கு தின்கிற வீடு என்று சொல்லித்தான் இதே முத்தையாவுக்குத் தங்கையைக் கொடுக்க மறுத்தார். தங்கை கடைசிவரை கல்யாணமே வேண்டாமென்று இருந்துவிட்டாள்.

அவர் தொண்டையைச் செருமினார். "பொய் இல்ல, முத்தையா. மாங்கா போட்டுக் கொழம்பு வச்சான். ரெண்டு நாளு வச்சுத் தின்னோம்."

முத்தையா தூண்டிலைக் கீழே வைத்தார்.

"அது எப்ப, அண்ணாச்சி? எனக்குப் பொண்ணு இல்லன்னு சொன்னதுக்கு முன்னாலயா, பின்னாலயா?"