இடம் மாறிய மச்சம்

"சீக்கிரம் முடிங்க சார், வீட்ல ஒரு பட்டாளமே எனக்காகக் காத்துக்கிட்டிருக்கு" என்று சொல்லிக்கொண்டே அந்த அம்மாள் நாற்காலியில் இன்னும் வசதியாகச் சாய்ந்துகொண்டார்.

ஓவியர் பென்சிலைச் சீவினார். சீக்கிரம் முடிக்கும் எண்ணம் அவருக்கும் இல்லை.

மரப்பலகையில் படம் செதுக்கி, மை தடவி, தாளில் அச்செடுப்பதுதான் அவருடைய பழைய தொழில். மணிக்கட்டு மக்கர் செய்ய ஆரம்பித்ததும் உளிகளை மூட்டை கட்டி வைத்துவிட்டு முகம் வரைய வந்துவிட்டார். கை வலிதான் காரணம் என்று எல்லோரிடமும் சொல்வார். உண்மை வேறு. பலகை செதுக்க இன்னொரு ஆள் தேவையில்லை. முகம் வரைய வேண்டுமென்றால் யாராவது எதிரில் வந்து உட்கார்ந்துதானே ஆகவேண்டும்?

"படத்துல சிரிக்காதீங்க அத்தைன்னு பெரிய மருமக சொல்றா. சிரிச்சாதான் அழகுங்கறா சின்னவ. நான் யார் பேச்சைக் கேக்கறது?"

"ரெண்டு பேருக்கும் பொதுவா பாதி சிரிங்க."

அம்மாள் முழுதாகவே சிரித்துவிட்டார். வலது கன்னத்தில் மிளகு மாதிரி இருந்த மச்சம் மேலே ஏறி இறங்கியது.

காலையில் குளியலறைக் கதவுக்கு முன்னால் நடக்கும் அடிதடி, பேரன்களின் லூட்டி, கடைசித் தோசைக்கு நடக்கும் பஞ்சாயத்து. அம்மாள் சொல்வதைக் கேட்கக் கேட்க ஓவியருக்குப் பொறாமையாக இருந்தது. அவர் வீட்டில் அவர் தும்மினால், என்ன என்று கேட்க ஒரு நாதி கிடையாது.

"இந்தக் காது சரியா வரலைம்மா. நாளைக்கு ஒரு தடவை வந்துடுங்களேன்" என்பார். காது முதல் நாளே நன்றாகத்தான் வந்திருந்தது. அம்மாளும் மறுநாள் வந்துவிடுவார்.

இரண்டு காதும் முடிந்து, மூக்கும் முடிந்து, இனி சாக்குச் சொல்ல முகத்தில் எதுவும் மிச்சமில்லை என்றானபோது அவரை அனுப்பிவைத்தார். ஆளைப் பார்த்து மெல்லிய தாளில் வரைவதோடு சரி. அதற்குப் பிறகு தாளைப் பார்த்துத்தான் வேலை. அச்சுத் தொழிலில் வந்த பழக்கம். தாளைப் படம் தீட்டும் திரைச்சீலைமேல் வைத்துக் கரண்டியின் முதுகால் தேய்த்துக் கோடுகளை இறக்கினார். தேய்க்கும்போது மருமகள்கள் இருவரும் அவர் காதுக்குள்ளேயே சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் தனியாகவே சிரித்துக்கொண்டார்.

வண்ணம் தீட்டி முடித்ததும், பழக்க தோஷத்தில் படத்தைக் கண்ணாடிக்கு எதிரே பிடித்தார். பலகையில் இடவலம் மாற்றிச் செதுக்கினால்தான் அச்சில் நேராக விழும். அதனால் எதையும் ஒருமுறை கண்ணாடியில் பார்த்துவிடுவது அவர் வழக்கம்.

கண்ணாடிக்குள் அம்மாள், நாற்காலியில் உட்கார்ந்திருந்த மாதிரியே இருந்தார். மச்சம் வலது கன்னத்தில்.

அப்படியானால் படத்தில்?

ஓவியர் படத்தைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் கரி தடவி நேராக வைக்க வேண்டிய தாளை, பலகைக்குச் செய்வதுபோலவே கவிழ்த்துப் போட்டுத் தேய்த்திருக்கிறார்! மச்சம், வகிடு, லேசாகத் தூக்கிய புருவம், எல்லாமே பக்கம் மாறிக் கிடந்தன. பூசி மெழுகுகிற தப்பா இது? அந்தப் பட்டாளம் முழுக்க விழுந்து விழுந்து சிரிக்கும். பெரிய மருமகள் ஊருக்கே தமுக்கடித்துவிடுவாள். அப்புறம் இந்த நாற்காலியில் வந்து உட்கார யார் இருக்கிறார்கள்? மறுபடியும் சுவரைப் பார்த்துக்கொண்டு சாப்பிட வேண்டியதுதான். அதை நினைத்தபோது அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

மறுநாள் அம்மாள் வந்தார்.

"எங்க சார், காட்டுங்க."

"இன்னும் காயலைம்மா. ஒரு வாரம் பொறுத்து..."

அதற்குள் அம்மாள் படத்தை மூடியிருந்த துணியை இழுத்துவிட்டார். நெடுநேரம் பார்த்தார். கண் கலங்கியது.

"அச்சு அசல் நானேதான் சார்."

பேசாமல் இருந்திருந்தால் தப்பித்திருக்கலாம். ஓவியருக்கு மனசு கேட்கவில்லை.

"இல்லம்மா. மச்சத்தைப் பாருங்க. உங்களுக்கு வலது கன்னத்துல இருக்கு. படத்துல இடது கன்னத்துக்குப் போயிடுச்சு. முகம் மொத்தமும் பக்கம் மாறிடுச்சு, என் தப்புதான். வேற வரைஞ்சு தர்றேன். இன்னொரு தடவை வந்து உட்காருங்க."

அம்மாள் படத்தைப் பார்த்தபடியே தன் வலது கன்னத்தைத் தடவினார்.

"எனக்கு எந்த வித்தியாசமும் தெரியலையே சார். தினமும் காலைல நான் பாக்கற முகம் இதுதானே?"

"உங்களுக்குத் தெரியாதும்மா. கண்ணாடியிலயும் உங்களுக்கு இப்படித்தான் தெரியும். ஆனா எதிர்ல நின்னு உங்களைப் பாக்கறவங்க சும்மா விடுவாங்களா? உங்க மருமகளுங்க, பேரனுங்க எல்லாரும் பார்த்ததுமே கண்டுபிடிச்சிடுவாங்க!"

அம்மாள் படத்தைத் துணியால் பத்திரமாக மூடினார். எடுத்துக்கொண்டு வாசல்வரை போனவர், திரும்பிப் பார்க்காமலே சொன்னார்.

"எங்க வீட்ல என் எதிர்ல நிக்கறது கண்ணாடி மட்டும்தான் சார்."