ஏரியல் ஒயர்

“புது ஸ்டீரியோ போடுங்க பாய், பெரிய ஏரியலும். மலை இறங்குற வரைக்கும் சத்தம் நிக்கக்கூடாது” என்றான் குணாளன்.

வெள்ளைக்காரத் துரை சீமைக்குத் திரும்பும்போது, தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியான அவனுக்கு விற்றுவிட்டுப் போன பழைய ஸ்போர்ட்ஸ் கார். சீட்டு இரண்டே இரண்டு.

“ஆறு மாசமா ரேடியோ இல்லாமத்தானே ஓட்டுனீங்க?” மெக்கானிக் கமருஸ்ஸமான் பாய் டேஷ்போர்டுக்கு அடியில் தலையை நுழைத்தார்.

“செட்டு பழசு, மலையும் மறைக்குதுன்னு விட்டுட்டேன்.”

“மலை மேல பழி போடாதீங்கலா! ஏரியல் ஒயரைக் கத்திரியால வெட்டி, முனையில சிவப்பு ரிப்பனச் சுத்தி உள்ள தள்ளியிருக்கு.” பாய் சிரித்தார். “உங்க வீட்டம்மாவத்தான் கேக்கணும்.”

குணாளன் குனிந்து பார்த்தான்; மனைவியின் சடை ரிப்பன்தான்.

“எங்க போய்க் கேக்குறது பாய்? பூங்கோதைக்குப் போன வெள்ளிதான் பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சுது.”

பாயின் சிரிப்பு நின்றது.

ரேடியோ எந்த நாளில் நின்றது என்பது குணாளனுக்கு நன்றாக நினைவிருந்தது. ஈப்போ டாக்டர் அவனை மட்டும் உள்ளே அழைத்து, இன்னும் ஆறு மாதம்தான் என்று சொன்னதற்கு மறுநாள். “ரத்தம் கொஞ்சம் கம்மியாம்” என்று அவளிடம் சொல்லிவிட்டு, அவள் மேற்கொண்டு எதுவும் கேட்டுவிடாதபடி, வழியெல்லாம் ரேடியோவைச் சத்தமாக வைத்தபடி ஓட்டி வந்திருந்தான்.

அவளுக்கு அன்றே தெரிந்திருக்கிறது.

அதன் பிறகு காரில் ஏறும்போதெல்லாம் அவளாகவே பேச்சை ஆரம்பிப்பாள். பாதியில் நிறுத்தி, அவன் முகத்தைப் பார்த்துக் காத்திருப்பாள்.

ஒவ்வொரு முறையும் அவன் மழையைப் பற்றித்தான் பேசினான்.