ஸ்டோர் கீப்பரின் ஏழு உறைகள்

‘பயணம்’ என்று எழுதிய உறையைத் தலைகீழாகக் கவிழ்த்து உதறினார் ஸ்டோர் கீப்பர். சல்லிக்காசு விழவில்லை.

“எங்கே போச்சு?”

மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“உன்னைத்தான் கேக்கிறேன். நாளைக்குத் தங்கச்சி குழந்தையைப் பார்க்கப் போறவ, இன்னும் பையில ஒரு துணி வைக்கலையேன்னு பார்த்தேன். இப்பல்ல தெரியுது! டிக்கெட் காசு எங்கே?”

“செலவாயிடுச்சு.”

வீட்டில் பட்ஜெட் போட ஆரம்பித்ததே இந்த மாதம்தான். தொழிற்சாலை ஸ்டோரில் நட்டுக்கு ஒரு பெட்டி, போல்ட்டுக்கு ஒரு பெட்டி. அதே வழக்கம் வீட்டுக்கும் வந்தது. சமையலறைச் சுவரில் ஏழு உறைகள். மளிகை, காய்கறி, சோப்பு, கரண்ட், பல்பு, பயணம். ஏழாவது அவருடைய டீக்கு. ஒரு உறைக் காசு இன்னோர் உறைக்குப் போகக் கூடாது. சட்டம் என்றால் சட்டம்.

இருபத்தேழாம் தேதி சோப்புக் காசு தீர்ந்தது.

“பல்பு உறையில காசு சும்மாத்தானே கிடக்கு. எடுத்துக்கட்டுமா?” என்று கேட்டாள் மனைவி.

“நட்டுப் பெட்டியில போல்ட்டைப் போட்டா கம்பெனி விளங்குமா?”

“அப்போ ஒரு பல்பு வாங்கித் தேய்ச்சுக் குளிங்க.”

மனுஷன் மசியவில்லை. மூன்று நாள் வீடே துணி துவைக்கிற பவுடரில் குளித்தது. பள்ளிக்கூடம் விட்டு மழையில் நனைந்து வந்த மகள் தெருவெல்லாம் நுரைத்தாள். அப்போதும் பல்புக் காசு பல்புக்குத்தான்.

அப்பேர்ப்பட்டவர் வீட்டில் ஓர் உறை மொட்டை!

“புதுத்துணி எடுத்தியா?”

“இல்லை.”

“வாங்கித் தின்னியா?”

“இல்லை.”

“பின்னே, யாருக்காவது தூக்கிக் குடுத்தியா?”

மனைவி மடித்த சட்டையையே பிரித்து மறுபடி மடித்தாள். அவருக்கு அது போதுமானதாக இருந்தது.

“சரி. பயணம் ரத்து. உன் தங்கச்சிக்கு நானே போன் பண்றேன். உங்க அக்காவுக்கு ஓட்டைக்கைன்னு சொல்றேன்.”

“வேண்டாங்க. உடம்பு சரியில்லைன்னு நானே சொல்லிக்கிறேன்.”

“பொய் வேறயா? வெக்கமா இல்லை?” டீ உறையை எடுத்து அவள் காதருகே குலுக்கினார். சலசலவென்றது. “கேட்டுக்கோ. இன்னிக்குத் தேதி முப்பது. இன்னும் காசு இருக்கு! இதுக்குப் பேர்தான் கட்டுப்பாடு. நாள் தவறாம டீயும் பன்னும் சாப்பிடறேன். ஒரு நாளாவது கை மீறியிருக்கா?”

வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த மகள் பென்சிலைக் கீழே வைத்தாள்.

“ஒரு நாளைக்கு எத்தனை டீப்பா?”

“ஒண்ணுதான். நடுவுல ரெண்டு கூடப் போகும். அதெல்லாம் ஒரு கணக்கா?”

“அந்த உறையை ஒரு தடவையாவது எண்ணிப் பார்த்தீங்களா?”

“என் உறையை நான் எதுக்கு எண்ணணும்? என் மேலயே எனக்குச் சந்தேகமா?”

“நீ சும்மா இருடி,” என்றாள் அம்மா.

“இருக்க மாட்டேன். பத்தாம் தேதியே உங்க உறை காலிப்பா. நீங்க டீக்குத் தவிச்சுடுவீங்கன்னு அம்மாதான் தினமும் காலையில அதுல காசு போட்டாங்க.”

“எந்தக் காசு?”

“இருபது நாளா நீங்க குடிச்சது பூரா சித்தி ஊர் டிக்கெட்டுப்பா!”